ஓதம் ஏறும் வேளை

சென்னீர்குப்பத்தில் வாழும் எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். செம்பரம்பாக்கத்தில் இன்று எத்தனை அடி என்று நாளேட்டில் பார்ப்போம். 24 அடியை நெருங்கினால் மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்தே வரும். 2015 டிசம்பருக்குப் பின் அச்சமே மிகுதி. ஆயினும் ஏரி பொறுமையானது. மழைக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்கும். கடலோ நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. இந்த எளிய உண்மையை நான் கற்றுக்கொள்ள ஓர் இரவும், பெயரறியாத ஒரு முதியவரின் கயிறும் தேவைப்பட்டன.

சென்ற மாதம் என் பேத்தி ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். படப்பிடிப்புகளில் நடிகர்கள் தங்கும் கேரவன் வண்டியைப்போல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வேளாங்கண்ணி வரை செல்லவேண்டும். வண்டியிலேயே சமைத்து, கடலோரத்தில் உறங்கவேண்டும் என்பது அவள் ஆசை. "தாத்தா, அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கலாம்" என்றாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அந்த மௌனத்தின் வயது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

1987ஆம் ஆண்டு, செப்டம்பர் 7. மறுநாள் ஆரோக்கிய அன்னையின் திருவிழா. என் தாயார், மனைவி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன் ஆகியோருடன் வாடகை மெட்டாடர் வேனில் விடியுமுன் புறப்பட்டோம். தேர்ப்பவனி நெரிசலில் சிறு பிள்ளைகளோடு நுழைய அஞ்சி, இரவை வழியில் எங்காவது கழித்துவிட்டு, விடியற்காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேரலாம் என்பது என் ஏற்பாடு. தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு கழிமுகத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். கடல் தொலைவில் கிடந்தது. ஈரம் காய்ந்து இறுகிய மணல், சிமெண்டுத் தளம்போல் பரந்திருந்தது. வேனை அதன்மேல் இறக்கச் சொன்னேன்.

வலை காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். "தம்பி, வண்டியை மேட்டுல ஏத்திடுங்க. இன்னிக்குப் பௌர்ணமி. ராத்திரி ஓதம் ஏறும்" என்றார்.

"எத்தனை அடி ஏறும்?" என்று கேட்டேன்.

"முழங்கால் அளவு வரும்."

நான் சிரித்தேன். முழங்கால் அளவுத் தண்ணீருக்கா இத்தனை கவலை? அலுவலகத்தில் கோப்புகளை ஆண்டுகொண்டிருந்த எனக்கு, வெற்று மார்போடு நின்ற ஒருவரின் சொல் பெரிதாகப் படவில்லை. என் மனைவி மட்டும், "அவர் சொல்வதைக் கேட்கலாமே" என்றாள். அவளுக்கும் சிரிப்பையே பதிலாகத் தந்தேன்.

செபமாலை சொல்லி முடித்துப் பிள்ளைகள் வேனுக்குள் உறங்கிப்போனார்கள். ஒன்பது மணியளவில் என் தாயார் என்னை எழுப்பினார். நிலவொளியில் எங்களைச் சுற்றிலும் தண்ணீர் மின்னியது. முழங்கால் அளவுதான், முதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் அலையும் சக்கரத்தின் அடியிலிருந்த மணலை அரித்துக்கொண்டு போக, வேன் ஒருபுறமாகச் சாய்ந்து புதைந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் மேட்டுக்கும் இடையே, பகலில் வறண்டு கிடந்த பள்ளம் இப்போது ஓடையாகிவிட்டது. என் மகன் வீறிட்டழுதான். என் வாழ்நாளில் அப்படியொரு கையறு நிலையை நான் அறிந்ததில்லை.

அம்முதியவர் பத்துப் பேரோடும் ஒரு வடக்கயிற்றோடும் வந்தார். எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்! பிள்ளைகளைத் தோளில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுசென்றார்கள்; தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார்கள். சக்கரங்களுக்குக் கீழே தென்னை மட்டைகளைத் திணித்து வேனை இழுத்துக் கரையேற்றினார்கள். அவ்வீட்டுத் திண்ணையில் படுத்தோம். சூடான கஞ்சி தந்தார்கள். ஒரு கடிந்த சொல்லும் இல்லை. விடியுமுன், திருப்பலிக்கு நேரமாயிற்றென்று அவசரமாக விடைபெற்றேன். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று நான் அறியாததை இன்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடல் ஒருமுறை ஏறி, மறுபடி ஏறுவதற்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று ஏறும் நேரத்தைவிட நாளைக்கு ஏறும் நேரம் 50 நிமிடம் பிந்தும். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிற்பதால், அந்நாட்களையொட்டி ஓதம் மிகுதியாக ஏறும். மிகுதியாக வற்றவும் செய்யும். அட்டமியையொட்டி ஏற்ற இறக்கம் குறையும். குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கம் இந்த வேறுபாடு 10 மீட்டருக்கும் மேல். நம் சோழமண்டலக் கரையிலோ பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே. அது சிறிதாயிருப்பதே நமக்கு ஆபத்து. பாவ்நகரில் கடலை எவரும் மறக்கமுடியாது. இங்கே நாம் மறந்துவிடுகிறோம். சரிவு குறைந்த கழிமுக மணலில் ஒரு முழத் தண்ணீர் நெடுந்தூரம் பரவிவிடும்.

இப்போது எங்கள் திட்டம் உருவாகியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் புயற்காலமும் ஓய்ந்தபின், பிப்ரவரியில் பயணம். நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தவிர்த்திருக்கிறோம். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, ஒவ்வோர் இரவும் நீர் ஏறும் நேரத்தைப் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். வண்டியை மணலில் இறக்குவதில்லை. அனுமதியுள்ள இடத்தில், கெட்டியான தரையில், ஊருக்கு அருகிலேயே நிறுத்துவது. சருகும் சிப்பியும் ஒதுங்கிய கோடு, முந்தைய நீர் எட்டிய எல்லை. அதற்கும் மேலே அடம்பங்கொடி படர்ந்திருக்கும். அக்கொடிக்கும் அப்பால்தான் நம் அடுப்பும் பாயும். நீர் வற்றும் வேளையில் கழிமுகத்தில் குளிக்கக்கூடாது. உள்ளே புகுந்த தண்ணீரெல்லாம் கடலுக்கு இழுத்தோடும் நேரம் அது.

இன்னொன்றும் எழுதிக்கொண்டோம். கடல் தன் வேளையல்லாத வேளையில் உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓடவேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே. நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் பலர். ஐதராபாத்திலிருந்து சுனாமி எச்சரிக்கை தரும் மையம் 2007இல்தான் செயல்படத் தொடங்கியது.

2005இல் நான் அக்கழிமுகத்துக்குச் சென்றேன். திண்ணை இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. உயிர் பிழைத்தோர் தற்காலிகக் குடியிருப்பில் இருந்தார்கள். வடக்கயிறு கொண்டு எங்களைக் காப்பாற்றிய பெரியவரைப் பற்றிக் கேட்டேன். "பேரு என்னங்க?" என்று கேட்டார்கள். நான் விடையின்றி நின்றேன். தன் குடும்பத்தின் உயிரைக் காத்தவருக்காகப் பெயர் சொல்லி ஒரு செபம் சொல்லவும் இயலாதவனாகத் திரும்பினேன்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி முடித்தபோது, என் மனைவி கீரையை ஒதுக்கிவிட்டு வந்தாள். நோட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தின் உச்சியில் தன் கையால் எழுதினாள்:

"வண்டியை நிறுத்துமுன் அவ்வூராரைக் கேட்பது. கேட்டபின் சொன்னபடி செய்வது. புறப்படுமுன் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது."

பிறகு என்னைப் பார்த்து, "இப்போது போகலாம்" என்றாள்.