எருவின் முதிர்வு

ஆறியதெல்லாம் முதிர்ந்ததாகாது என்னும் உண்மையை யாம் ஓர் எருக்குவியலினிடத்தே கற்றோம்.

நகரின் நடுவேயுள்ள எம் மாணவர் விடுதியின் காய்கறித் தோலும், எச்சில் இலையும், மிஞ்சிய சோறும் பின்வாயிலில் நாறிக் கிடப்பது வழக்கம். அவற்றைக் கூட்டெருவாக்கித் தோட்டத்திற்கு இடுவதென யாம் நால்வர் துணிந்தோம்.

ஐப்பசி மழையிற் குவியல் நனைந்தது. ஒரு வாரத்தில் அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. அண்டை வீட்டார் முறையிட்டனர். குப்பையை நன்கு மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும். இடுக்குகளில் நீர் நிறைந்துவிடின் காற்றுப் புக வழியில்லை. பிராணவாயு நீரினூடே பரவும் வேகம், காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே. அந்நிலையிற் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் தலையெடுத்து நாற்றத்தை விளைக்கின்றன. தோட்டக்காரப் பெரியவர் சருகைக் கலந்து, மண்வெட்டியாற் புரட்டிவிட்டார். இரண்டொரு நாளிற் குவியலினின்று ஆவி எழுந்தது, நாற்றம் அடங்கிற்று. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்து, 1931-இல் நூலாய் வெளியிட்ட முறையிலும், புரட்டுதலும் நீர் தெளித்தலும் இன்றியமையாதனவெனப் பின்னர் அறிந்தோம்.

நாற்றத்திற்கு அஞ்சிய யாம், கோடையில் நீர் தெளிப்பதையே நிறுத்திவிட்டோம். குவியல் ஆறிற்று, கருத்துப் பொடிந்தது. எரு முதிர்ந்ததென மகிழ்ந்தோம். பெரியவரோ, “தம்பி, இது காய்ந்திருக்கிறது, பழுக்கவில்லை” என்றார். யாம் நகைத்து, அதனைக் கத்தரி நாற்றுக்களுக்கு இட்டோம். பத்து நாளில் இலைகள் மஞ்சளித்தன. பாதி நாற்று மடிந்தது. அவர் நீர் பாய்ச்சாமற் சோம்பியிருந்தாரென விடுதிக் காப்பாளரிடம் பழி கூறினோம்.

பெரியவர் மறுமொழி யாதும் கூறவில்லை. எஞ்சிய எருவில் நீர் தெளித்துப் புரட்டிச் சாக்கிட்டு மூடினார். மூன்றாம் நாள் எம்மை அழைத்து, உள்ளே கைவைக்கச் சொன்னார். சுட்டது!

ஈரம் குன்றியபோது நுண்ணுயிர்கள் தம் வேலையை முடிக்கவில்லை, உறங்கின. மண்ணில் ஈரம் பெற்றதும் மீண்டும் விழித்து, பயிருக்குரிய நைட்ரஜனைத் தாமே உண்டன. குவியலின் எடையில் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசிவதே அதற்கு அளவு. நனைத்துப் புரட்டிய பின்னும் மீளச் சூடேறாததே முதிர்ந்த எரு.

அன்று மாலையே காப்பாளரிடம் சென்று, பிழை எம்முடையதென உரைத்தோம். பெரியவரிடம் மன்னிப்பு வேண்ட நா எழவில்லை, மண்வெட்டியைக் கேட்டோம். தந்தார்.