சுருதி தவறாமல் சுழலும் தட்டு

மும்பையின் தேவ்நார், செம்பூர், அணுசக்தி நகர் பக்கத்தில் பழைய ஆடியோ பைத்தியங்கள் நாலு பேர் ஒரு ஹாலில் கூடினால், காபி வருவதற்குள் பேச்சு கரார்டு 301-இல் போய் நிற்கும். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1950-களில் செய்யப்பட்ட அந்தக் கனத்த டர்ன்டேபிளை ஒருவர் தூக்கிப் பிடிப்பார். இன்னொருவர் ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2-ஐ விட்டுக்கொடுக்க மாட்டார். மூன்றாமவர் ஸ்விட்சர்லாந்தின் தோரன்ஸ் பக்கம். ரப்பர் சக்கரம் தட்டின் விளிம்பைத் தள்ளுவது கரார்டு முறை. பெல்ட் இழுப்பது தோரன்ஸின் டி.டி.160. மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்து சுழல்வது டெக்னிக்ஸ். எது உயர்ந்தது என்ற வாதம் உலகம் முழுக்க அரை நூற்றாண்டாக நடக்கிறது.

கர்நாடக சங்கீதத்தில் ஊறிய காதுக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: சுருதி சரியாக இருக்கிறதா? மற்றதெல்லாம் பிறகு.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த டர்ன்டேபிளை எடுத்துக்கொள்வோம். 1961-இல் அங்கே வெளிவந்த அக்கூஸ்டிக் ரிசர்ச் எக்ஸ்.ஏ. என்றே வைத்துக்கொள்ளலாம், எளிமையான, அருமையான பெல்ட் இயந்திரம். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டியாகிவிட்டது. மோட்டார் எரியவில்லை, தட்டும் சுற்றுகிறது. ஆனால் பாடகியின் குரலில் ஏதோ ஒரு சோர்வு. காரணம் மின்சாரத்தின் அலைவெண். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. இந்த வகை மோட்டார் அந்த எண்ணிக்கையைப் பின்பற்றியே ஓடும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், சுழற்சியை மாற்றாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் சுற்றும். இருபது நிமிடப் பக்கம் முடிய இருபத்து நான்கு நிமிடம் ஆகும். 6-க்கு 5 என்ற இந்த விகிதம், சங்கீதக் கணக்கில் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியேதான். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். பிருகாக்கள் சோம்பும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் சேற்றில் விழுந்த மாதிரி கேட்கும்.

இதற்கு மருந்து மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய உருளையில் இருக்கிறது. அதன் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வேகம் சரியாகிவிடும். 50 சுழற்சி நாடுகளுக்கென்று அப்படிப்பட்ட உருளைகள் தனியாகவே செய்யப்பட்டன. கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். குவார்ட்ஸ் படிகத்தை வைத்து வேகத்தைக் கட்டும் எம்.கே.2-க்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த நாட்டு மின்சாரமானாலும் வேகம் ஒன்றுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு அதை முதலில் சொல்லத் தோன்றுகிறது.

வேகத்தைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 180 கோடுகள் வரைந்த வட்ட அட்டை ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, சாதாரண சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். நம் 50 சுழற்சி மின்சாரத்தில் டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுங்கும். வேகம் சரியாக 33⅓ என்றால் கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரியும். முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னே நகர்ந்தால் குறைவு. எல்.ஈ.டி. பல்புகளில் பெரும்பாலானவற்றின் கீழே இது பலிக்காது. பழைய சோக் டியூப்லைட் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர் கெட்டிக்காரர்.

33⅓-ம் 45-ம் மட்டும் தெரிந்த இயந்திரம் தேவ்நார்க்காரருக்குப் போதாது என்பதற்கு வீட்டுப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 2017-இல் தீப்பிடித்தது, 2019-இல் கோத்ரெஜ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த ஆர்.கே. பேனரில் 1953-இல் வந்த 'ஆஹ்' படம் தமிழில் 'அவன்' என்று மொழிமாற்றம் செய்யப்பட்டது. சங்கர்-ஜெய்கிஷன் மெட்டுகளுக்குக் கம்பதாசன் தமிழில் எழுத, ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாடினார்கள். இந்தி மெட்டில் தமிழ் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்த இடங்கள் குறைவு. அன்றைய பாட்டு வந்ததெல்லாம் 78 வேகத் தட்டில். எல்லாரும் ஏங்கும் டெக்னிக்ஸ் எம்.கே.2-இல் 78 என்ற வேகமே கிடையாது. பக்கத்துத் தெருவின் பாட்டைப் போட அதனால் முடியாது! கரார்டு 301-இல் முடியும். தோரன்ஸ் டி.டி.124-இலும் முடியும்.

வேகம் இருந்தாலும் முள் மாற வேண்டும். 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் நுனி கொண்ட முள் தேவை. எல்.பி.க்கு உரிய மெல்லிய முள்ளை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். துடைப்பதிலும் கவனம் வேண்டும். எல்.பி. வினைல், 78 தட்டு அரக்கு. ஒரு காலத்தில் உலகத்து இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். எல்.பி.க்கு நல்லது செய்யும் ஆல்கஹால் கலந்த திரவம் 78 தட்டின் பள்ளங்களையே தின்றுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர், மென்மையான துணி, உடனே நிழலில் உலர்த்தல், இவ்வளவுதான். மும்பை மழைக்காலத்தில் காகித உறையில் பூஞ்சை ஏறும். உறையை மாற்றாமல் தட்டை மட்டும் கழுவுவது வீண்.

இப்படிக் கூடும் இடங்களில் எச்.எம்.வி. கலிப்ஸோ, ஃபியஸ்டா போன்ற நம்மூர்ப் பெட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். அது நியாயமில்லை. இறக்குமதி இறுகிக் கிடந்த காலத்தில் ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் அந்தப் பெட்டிகளின் வழியாகத்தான் சௌந்தரராஜனையும் சுசீலாவையும் வீட்டுக்குள் அழைத்து வந்தன. காஸ்மிக், கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற நிறுவனங்கள் ஸ்டீரியோவை எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததும் அதே காலத்தில்தான். பெட்டிகளின் முள் கனமாக அழுத்தும்; நல்ல நிலையில் இருக்கும் எல்.பி.யை இன்று அதில் போட வேண்டாம். ஆனால் ஒலியின் வரலாற்றை ஒப்பிட உட்கார்ந்தால் அந்தப் பெட்டிக்கும் மேசையில் இடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் மும்பை ஃபிளாட்தான் தீர்ப்புச் சொல்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹாலில் ஆளுயரப் பெட்டி வைத்தால் மூலைகளில் பாஸ் தேங்கி, தம்புராவை விழுங்கிவிடும். 1970-களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் நெருக்கடிக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கர், இந்த ஊர் அறைகளுக்காகவே செய்தது போல இருக்கிறது. அதில் குரல் குரலாக வரும். மிகத் தாழ்ந்த ஒலிகள் வராது. பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்ட மாட்டார்.

இயந்திரத்தை ஒப்பிடுவதில் செலவாகும் மாலைகளில் ஒரு பகுதியாவது தட்டுகளுக்குப் போக வேண்டும். இதே மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் அந்த வேலையைத்தான் செய்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து இயற்பியலாளர் சுரேஷ் சந்த்வன்கர் அதன் முன்னணியில் நின்று 'தி ரெக்கார்டு நியூஸ்' இதழையும் கொண்டுவந்தார். சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் வாழ்நாள் முழுக்க 78 தட்டுகளைத் தேடிச் சேர்த்து, பாடியவர் யார், எழுதியவர் யார், எந்தப் படம் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொன்னார். செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பரண்களில் இன்னும் தட்டுகள் கிடக்கின்றன. வீடு மாறும்போது அவை பழைய பேப்பர்க்காரரிடம் போகின்றன. கரார்டு வைத்திருப்பவரும் டெக்னிக்ஸ் வைத்திருப்பவரும் அடுத்த முறை கூடும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். லேபிளைப் படம் எடுத்து, பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து எழுதி, எந்த முள்ளில், எந்த வேகத்தில், எத்தனை கட்டையில் பாட்டு நின்றது என்று குறித்துக்கொண்டு, பிறகு கணினியில் ஏற்றலாம்.