கெண்டை தேடி பிரான்ஸுக்கு

பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இருந்து தெற்கே போகும் ஏ26 நெடுஞ்சாலைக்கு ‘ஆங்கிலேயர் சாலை’ என்று செல்லப் பெயர். கோடையில் அதில் விரையும் பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் ஆல்ப்ஸுக்கோ தென்கடற்கரைக்கோ போகின்றன. ஆனால் கூரை வரை சாமான் அடைத்த வேன் ஒன்று தென்பட்டால், உள்ளே மடக்குக் கட்டில், கூடாரம், நாலைந்து தூண்டில் கழிகள், ஒரு மூட்டை மக்காச்சோளம் இருக்கலாம். ஒரு வாரம் ஏரிக்கரையில் படுத்துக் கிடந்து, கெண்டை மீனைப் பிடித்து, எடை போட்டு, படம் எடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விடத்தான் இத்தனை ஏற்பாடும்.

கட்லாவையும் ரோகுவையும் குழம்பில் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரம்தான். அவையும் கெண்டைக் குடும்பமே. ஐரோப்பியர்கள் துரத்தும் சாதாக் கெண்டைகூட நமக்கு அந்நியமில்லை. அதில் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையில் இருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. நாம் கிலோ விலை கேட்டோம். ஆங்கிலேயர்கள் பெயர் சூட்டினார்கள். 1952-ல் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 20 கிலோ கெண்டை, கிளாரிசா என்ற பெயரில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1971 வரை வாழ்ந்தது.

பிறகு ஏன் பிரான்ஸ்? எடைதான் காரணம். 1980-ல் பிரிட்டனின் சாதனைக் கெண்டை 23 கிலோ சொச்சம். ஆறே ஆண்டுகள் கழித்து, கான் நகருக்கு அருகே 1960-களில் அணை கட்டி உருவான செயின்ட் காசியன் ஏரியில் ஓர் ஆங்கிலேயரின் தூண்டிலில் சிக்கியது 34 கிலோவைத் தாண்டியது. அன்று தொடங்கிய யாத்திரை இன்னும் ஓயவில்லை.

போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பொது ஏரியா, தனியார் ஏரியா என்பதைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பொது ஏரிக்கு நல்ல உதாரணம் ஷாம்பேன் பகுதியில் உள்ள டெர். பாரீஸை வெள்ளத்தில் இருந்து காப்பாற்ற, மார்ன் ஆற்று நீரைத் தேக்குவதற்காக 1974-ல் முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் இது. பரப்பு 4,800 ஹெக்டேர். மூன்று கிராமங்களை விழுங்கிய ஏரி. குளிர்காலத்தில் இருந்து நிரம்பி, கோடையில் ஆற்றுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, இலையுதிர் காலத்தில் வற்றிக் கிடக்கும். ஜூனில் அலையடித்த இடம் அக்டோபரில் சேறு. எனவே எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்து எந்தக் கரை என்பதும் மாறும். சென்ற முறை மீன் கிடைத்த இடத்தையே வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டு போவதில் பயன் குறைவு. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான கொக்குகள் தெற்கே போகும் வழியில் இங்கே இறங்கும். இரவில் அவை போடும் சத்தத்தில் தூக்கம் கெடும் என்றாலும், மீன் அகப்படாத வாரத்தில் அதுவே பெரிய ஆறுதல்.

பலரும் கோட்டை விடுவது சட்டத்தில். கெண்டை பெரும்பாலும் இருட்டில்தான் இரை எடுக்கும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. பிரான்ஸிலோ சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு, மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரை பொது நீர்நிலைகளில் மீன்பிடிக்கத் தடை. கெண்டைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டுக் குறித்த கரைகளில்தான். இரவில் பிடித்த கெண்டையை வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒரே ஏரியில் இந்தப் பக்கம் அனுமதி இருக்கும், எதிர்க்கரையில் இருக்காது. ஆகவே விடுதியைப் பதிவு செய்யும் முன் இரவுக் கரைகளின் பட்டியலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். மீன்பிடி அனுமதி அட்டையை நாள், வாரம், ஆண்டு என்று தேவைக்கேற்ப இணையத்திலேயே வாங்கிவிடலாம்.

இரையிலும் சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் விலகிய பின், 2021 முதல் அங்கிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டு போக முடியாது. பால்பொடி கலந்த இரை உருண்டைகளுக்காகச் சுங்கத்தில் மல்லுக்கு நிற்பதைவிட, பிரான்ஸிலேயே மக்காச்சோளம் வாங்குவது மேல். அதை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நன்றாக வேகவைக்க வேண்டும். காய்ந்த சோளம் மீனின் வயிற்றுக்குள் ஊதும்.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் தனியார் ஏரிகள். பலவற்றை நடத்துபவர்களும் ஆங்கிலேயர்களே. சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாடகை. சாப்பாடு, தூண்டில், படகு எல்லாம் கிடைக்கும். இரவுக் கட்டுப்பாடு பொதுவாக இங்கே தொல்லை தராது. ஏரியில் எத்தனை மீன், எது எத்தனை கிலோ என்று படத்தோடு கணக்கு உண்டு. 2018-ல் உலகச் சாதனையாகப் பேசப்பட்ட 51 கிலோ கெண்டை பிடிபட்டதும் ஹங்கேரியில் இப்படி ஒரு கட்டண ஏரியில்தான். போன வாரம் ஒருவர் பிடித்த அதே மீனை இந்த வாரம் நாமும் பிடிக்கலாம். ஒரே ஒரு வாரம் விடுப்பு உள்ளவருக்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஏரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காத்திருக்கும் அந்தப் பரபரப்பு டெர் போன்ற இடத்தில்தான் கிடைக்கும். ஏழு நாளும் வெறுங்கையோடு இருக்கத் தயாராக வேண்டும், அவ்வளவுதான்.

தனியார் ஏரிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரிய மீன் இருந்தால்தான் வாடிக்கையாளர் வருவார். கெண்டை அந்த எடைக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். பொறுமையில்லாதவர்களுக்குக் குறுக்கு வழி, ஆற்றிலும் பொது ஏரியிலும் இரவோடு இரவாகப் பிடித்து உயிரோடு கடத்துவது. இந்தத் திருட்டு பெருகவே, 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள உயிர்க் கெண்டையைப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் எடுத்துச் செல்வதை பிரான்ஸ் சட்டம் போட்டுத் தடுத்தது. மீறினால் அபராதம் 22,500 யூரோ வரை. பணம் வாங்கும் ஏரிக்காரரிடம், “இந்த மீன்கள் எங்கிருந்து வந்தவை?” என்று கேட்பதில் தப்பே இல்லை. பண்ணையில் வாங்கியவரிடம் ரசீது இருக்கும்.

மீனோடு நோயும் பயணம் செய்கிறது. கோய் ஹெர்பிஸ் வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது; கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லும். தண்ணீரிலும் ஈரமான பொருட்களிலும் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி தாவக்கூடியது. அதனால்தான் பல ஏரிகளில் வெளியில் இருந்து கைவலை கொண்டு வர அனுமதிப்பதில்லை. அங்கேயே கொடுப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். சொந்த வலையோடு போகிறவர், கிளம்பும் முன் வலை, எடைப் பை, மீனைக் கிடத்தும் மெத்தை மூன்றையும் கிருமிநாசினியில் முக்கி, வெயிலில் நன்றாக உலர்த்தி எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் வெயில் கிடைக்கும் நாளாகப் பார்த்து, இரண்டு நாள் முன்னதாகவே இந்த வேலையை முடித்துவிடுவது உத்தமம்.