சீட்டில் சேர்ந்த ஒரு வரி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கம்ப்யூட்டர் சமாசாரம் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என் மகளே சிரிப்பாள். ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. போன மாதம் ஒரு ராத்திரி, தட்டில் தோசை ஆறிப் போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"நான் எழுதின பக்கத்திலே ஓட்டை இருக்கும்மா. எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன்."

"இன்ஜெக்‌ஷனா? யாருக்கு?" என்று நான் பதறியதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

தகவல் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில் கேள்வி கேட்கிற பாஷைதான் எஸ்.கியூ.எல். நாம் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால், "இப்படி ஒருவர் இருக்கிறாரா?" என்று அந்த பாஷையில் ஒரு வாக்கியம் தயாராகும். பெயர், மேற்கோள் குறிக்குள் இருக்கும். திருட்டுப்பயல் ஒருவன் பெயர்க் கட்டத்தில் தானே ஒரு மேற்கோள் குறி போட்டு, அதன் பின்னால் 'அல்லது 1 = 1' என்று அந்த பாஷையில் எழுதுகிறான். பெயர் முடிந்தது, மீதி உத்தரவு என்று கம்ப்யூட்டர் நம்பிவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று எப்போதும் சமம்தானே! கதவு திறந்துவிடும்.

"நல்லவேளை, எங்க ஆளுங்களே கண்டுபிடிச்சாங்க. ஆனா வேலையை விட்டுப் போன ஒரு பையன் எழுதினதுன்னு மேனேஜர் அவனைத் திட்டறார். நான் வாயைத் திறக்கலைம்மா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா மளிகைச் சீட்டு எழுதி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் கொடுப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூடவே போகும் நான் சீட்டை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே 'கடலை மிட்டாய் 4' என்று எழுதிவிடுவேன். செட்டியார் சீட்டில் உள்ளதைக் கொடுத்துக் கணக்கில் ஏற்றுவார். மாசக் கடைசியில் நோட்டைப் பார்த்த அம்மா, அந்த அம்மாளைத்தான் சந்தேகப்பட்டுப் பேசினார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் ஒன்றும் பேசவில்லை. காலையில் ஆபீசுக்குப் போனதும், "அது நான் எழுதினது சார்" என்று சொல்லிவிட்டாளாம். மேனேஜர் கோபித்துக்கொண்டார், வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் உட்கார வைத்து ஒரு சம்பவம் சொன்னாராம். இந்தத் தந்திரம் 1998-லேயே பத்திரிகையில் வெளிவந்த ஒன்று. அப்படியிருந்தும் 2015-ல் பிரிட்டனில் டாக்டாக் என்ற டெலிபோன் கம்பெனியில், இதே வழியாக 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடு போயின. வேறொரு கம்பெனியை 2009-ல் வாங்கியபோது கூட வந்த பழைய பக்கங்களில்தான் ஓட்டை. மறு வருஷம் அரசாங்கத் தரப்பு 4 லட்சம் பவுன் அபராதம் போட்டது.

பரிகாரம் என்னவோ சின்னதுதான். வாக்கியத்தை முதலிலேயே முழுசாக எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட வேண்டும். அங்கே யார் எதை எழுதினாலும் அது வெறும் பெயர்தான், உத்தரவாகாது. பாங்க் செக்கில் 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என்று எழுதிக் கோடு இழுக்கிறோமே, அது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மகள் இரண்டு நாள் கண்விழித்து எல்லாப் பக்கங்களையும் சரி செய்தாள்.

சகோதரிகளே, இணையதளங்களின் ஓட்டையை நம்மால் அடைக்க முடியாது. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காமல் இருக்கலாம். ஒன்று திருடு போனால் மற்றவையாவது பிழைக்கும்.

அந்த அம்மாளின் வீடு எங்கள் பழைய தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது விசாரிக்கப் போகிறேன். மகளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.