வீதியில் நிக்கிற ட்ரொலி ஆருடையது?

சுப்பர் மார்க்கெட் ட்ரொலி ஒன்று கடைக்கு வெளியே, நடுவீதியில், தன்பாட்டில் நிற்கிறதைக் கண்டிருக்கிறீங்களா? இலங்கையில் இருந்து வாசிக்கிற ஆக்களில் அனேகம் பேர் இல்லையென்றுதான் சொல்லுவீங்கள். எங்கட ஊரில் ட்ரொலி கடை வாசலோட நின்றுவிடும். அதுக்குப் பிறகு சாமானை ஓட்டோவில் ஏத்துவோம், சைக்கிள் ஹாண்டிலில் கொழுவுவோம், இல்லாட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம்.

சிட்னியின் மேற்குப் பக்கம் படிக்கப் போன எங்கள் நாலு பேருக்கும் அங்க முதலில் கண்ணில் பட்டதே இந்த ட்ரொலிகள்தான். பஸ் தரிப்பிடத்தில் ஒன்று, பூங்கா வேலியோட ஒன்று, வாய்க்காலுக்குள் தலைகீழாக ஒன்று. எங்கட பிளட்ஸ் வாசலில் எந்த நேரமும் ஆறேழு நிக்கும். முதல் கிழமை படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிச் சிரித்தோம். பிறகு கேள்விகள் வந்தன. இதையெல்லாம் ஆர் கொண்டுவந்து விடுறது? ஆர் திருப்பி எடுத்துக்கொண்டு போறது? நகரங்கள் இதை எப்படிச் சமாளிக்குது? விடை தேடி வாசிக்க வாசிக்க, இது சும்மா குப்பைப் பிரச்சினை இல்லையென்று எங்களுக்கு விளங்கத் தொடங்கியது.

ட்ரொலி பழைய சாமானும் இல்லை. 1937 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா சிற்றியில் கடைகள் வைத்திருந்த சில்வன் கோல்ட்மன் என்பவர்தான் இதைக் கொண்டுவந்தார். கையில் இருக்கிற கூடை பாரமானதும் சனம் வாங்குவதை நிப்பாட்டி விடுகுது என்பது அவருடைய கவலை. ஒரு மடக்குக் கதிரையைப் பார்த்து யோசனை வந்ததாம்: இருக்கையில் ஒரு கூடை, கீழே இன்னொரு கூடை, காலுக்குச் சில்லு. செய்து வைத்தால் ஒருத்தரும் தொடவில்லை. ஆம்பிளையளுக்கு வெட்கம். பொம்பிளையளுக்கு அது பிள்ளை வண்டில் மாதிரித் தெரிந்தது. கடைசியில் கூலிக்கு ஆக்களைப் பிடித்து, கடைக்குள் ட்ரொலி தள்ளிக்கொண்டு திரிய விட்டுத்தான் பழக்கினார். 1946 இல் ஓர்லா வாட்சன் என்பவர், ஒன்றுக்குள் ஒன்று செருகி நிக்கிற மாதிரி ட்ரொலியை மாற்றி அமைத்தார்.

பிறகு கடைகள் நகரத்து நடுவில் இருந்து பெரிய கார் பார்க்குகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. ட்ரொலியும் பெருத்தது. தட்டில் தொடங்கி கார் டிக்கியில் முடிகிற பயணம்தான் அதுக்கு விதிக்கப்பட்டது. கார் இல்லாத ஆளைப்பற்றி அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை.

எங்களிடம் கார் இல்லை. கருவாடும் இடியப்பமும் ஸ்டேசனடித் தமிழ்க் கடையில் கிடைக்கும். ஆனால் பால், மா, மரக்கறி, சவர்க்காரம் எல்லாம் மலிவாக வேணுமென்றால் பெரிய கடைக்குத்தான் போகவேணும். அது எங்கட பிளட்ஸிலிருந்து இருபத்தைந்து நிமிச நடை. ஞாயிற்றுக்கிழமையில் பஸ் மணித்தியாலத்துக்கு ஒன்று. நாங்கள் நாலு பேரும் பத்துக் கிலோ அரிசிப் பையை முறை வைத்துத் தூக்குவோம். மற்றப் பைகளின் பிடி விரலை வெட்டும். இருபது வயதில் அது பகிடி.

கீழ்வீட்டு அன்ரிக்கு அது பகிடியில்லை. அறுபது தாண்டிய ஆள், முழங்கால் வருத்தம், பேரப்பிள்ளைகளோட சீவிக்கிறவ. கடையிலிருந்து வீடு வரைக்கும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வருவா. சாமானை இறக்கி முடிய, அதை வாசல் மூலையில் மற்ற ஆக்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வடிவா நிப்பாட்டுவா. ஒருநாள் நாங்கள், "அன்ரி, இதைத் திருப்பிக் கொண்டுபோய் விடத் தேவையில்லையா?" என்று கேட்டோம்.

"ஏன் தம்பி, வாற கிழமை கடைக்குப் போகேக்க இதைத்தானே கொண்டு போகப்போறன். வெறுங்கையோட நடக்கிறதுக்கு இதைப் பிடிச்சுக்கொண்டு நடந்தால் காலுக்கும் சுகம்."

எங்களுக்கு அதுவரைக்கும் அது 'கைவிடப்பட்ட' ட்ரொலி. அன்ரிக்கு அது அடுத்த கிழமைக்குக் காத்துக்கொண்டு நிக்கிற ட்ரொலி. ஆனால் அடுத்த கிழமைக்கு முதலே கடைக்காரரின் லொறி வந்து ஏத்திக்கொண்டு போய்விடும். அன்ரி வெறுங்கையோட போய், இன்னொன்றோட வருவா.

நகரங்கள் என்ன செய்யுது என்று பார்த்தால், நாலு வழி இருக்குது.

முதலாவது நாணயக் குத்தி. குத்தியைப் போட்டால் பூட்டுத் திறக்கும், திருப்பிக் கொண்டுவந்து கொழுவினால் குத்தி கையில் வரும். ஐரோப்பாவில் பரவலான முறை. 2017 இல் பிரித்தானியா தன்னுடைய வட்டமான ஒரு பவுண் குத்தியைப் பன்னிரண்டு பக்கக் குத்தியாக மாற்றினபோது, பல கடைகள் ட்ரொலிப் பூட்டுகளையும் மாற்ற வேண்டி வந்தது. இது கார் பார்க்குக்குள் நல்லா வேலை செய்யும். ஆனால் இருபத்தைந்து நிமிசம் பாரத்தோட நடக்கிற ஆளுக்கு இரண்டு டொலர் ஒரு வாடகை மாதிரித்தான். ஓட்டோக் கூலியை விட மலிவு.

இரண்டாவது சில்லுப் பூட்டு. கடையின் எல்லையைச் சுற்றி நிலத்துக்குக் கீழே ஒரு வயர் புதைத்திருப்பார்கள். ட்ரொலி அந்தக் கோட்டைத் தாண்டினதும் சில்லு இறுகிவிடும். பார்க்கக் கெட்டித்தனம்தான். ஆனால் பஸ் தரிப்பிடம் கோட்டுக்கு அங்கால இருந்தால், பஸ்ஸில் போற ஆள் ஒவ்வொரு பையாகக் காவ வேண்டியதுதான்.

மூன்றாவது சட்டம். பிரித்தானியாவின் 1990 ஆம் ஆண்டு சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இந்த அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட உள்ளூராட்சி சபைகள் வீதியில் நிக்கிற ட்ரொலியைக் கைப்பற்றலாம். ஆறு கிழமை வைத்திருந்து, சொந்தக்காரர் வராவிட்டால் விற்கலாம் அல்லது அழிக்கலாம். 2005 இல் வந்த திருத்தம், செலவைக் கடைக்காரரிடமே அறவிடவும் வழி செய்தது. கலிபோர்னியாவில், அறிவித்தல் போட்டிருக்கிற கடையின் ட்ரொலியை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவதே சட்டத்துக்கு மாறு. நகரம் கடைக்கு அறிவித்து மூன்று வேலை நாள் தரலாம். ஆறு மாதத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் கடை எடுக்கத் தவறினால், அதுக்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் தண்டம் அறவிடலாம். நாங்கள் இருந்த நியூ சவுத் வேல்ஸில் 2021 இல் வந்த சட்டம் ட்ரொலியையும் வாடகைச் சைக்கிளையும் ஒரே கண்ணால் பார்க்குது: குறித்த காலத்துக்குள் வந்து எடுக்க வேண்டியது சொந்தக்காரக் கொம்பனியின்ர பொறுப்பு.

நாலாவது தொலைபேசி. அவுஸ்திரேலியாவில் ட்ரொலி நிக்கிற இடத்தைச் சொல்ல இலவச இலக்கமும் அப்பும் இருக்குது. சொன்னால் ஆள் வந்து ஏத்தும்.

இந்த நாலையும் ஒருக்கா திரும்ப வாசியுங்கோ. நாலுமே ட்ரொலியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழிகள். அரிசிப் பை வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று ஒன்றும் கேட்கவில்லை.

ட்ரொலிகளைக் கோபமில்லாமல் பார்த்த ஒருத்தரும் இருக்கிறார். அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக் கலைஞர் ஜூலியன் மொன்டேகு. பறவை பார்க்கிற ஆக்கள் கொண்டு திரிகிற கையேடு மாதிரி, அநாதரவாக நிக்கிற ட்ரொலிகளை வகை பிரித்து, படமெடுத்து, 2006 இல் ஒரு புத்தகமே போட்டார். விசித்திரமான தலைப்புகளுக்குக் கொடுக்கிற டயக்ரம் பரிசும் அதுக்குக் கிடைத்தது. முதலில் பகிடியாகத்தான் தெரிந்தது. பிறகு நாங்களும் அவரைப் போல் பார்க்கத் தொடங்கினோம். பஸ் தரிப்பிடத்தில் நிக்கிறது பஸ் ஏறின ஒருத்தருடையது. முதியோர் குடியிருப்பு வாசலில் நிக்கிறது இன்னொரு அன்ரியுடையது. வாய்க்காலுக்குள் கிடந்தது மட்டும் வெள்ளிக்கிழமை இரவுப் பொடியளின் வேலை. எல்லாத்தையும் ஒரே சொல்லில் அடக்க ஏலாது.

இதுக்கிடையில் 2020 இல் இணையத்தில் 'ட்ரொலிக் கோட்பாடு' என்று ஒன்று பரவினது. ட்ரொலியைத் திருப்பி விடாவிட்டால் தண்டனை இல்லை, விட்டால் பரிசும் இல்லை, ஆகவே ஒருத்தர் நல்ல மனுசரா என்று அறிய இதைவிட நல்ல சோதனை கிடையாதாம். எங்கட அறையில் இதைப்பற்றி ஒரு இரவு முழுக்கச் சண்டை. கார் பார்க்குக்குள் நிக்கிற ஆளுக்கு அது சரியாக இருக்கலாம். கோட்டுக்கு இருபது அடி தள்ளிப் போய் விடப் பஞ்சிப்படுகிறவரை நாங்களும் மெச்சப் போறதில்லை. ஆனால் கீழ்வீட்டு அன்ரி இந்தச் சோதனையில் பெயிலா?

எங்களில் ஒருத்தன் அப்ப ஒரு கடைத்தொகுதியில் ட்ரொலி தள்ளுற வேலை செய்துகொண்டிருந்தான். அவன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தான்.

"நீங்கள் திருப்பி விடுறீங்களோ இல்லையோ, கடைசியில தள்ளுறது நான்தான். என்னைப்பற்றி அந்தக் கோட்பாட்டில ஒண்டும் இல்லையே?"

மேற்கு சிட்னியில் கோடையில் நாற்பது பாகை வரும். கயிறு கட்டி இருபது ட்ரொலியை வரிசையாகத் தள்ளிக்கொண்டு, கார்களுக்கிடையில் வளைக்க வேணும். அவனுக்குச் சம்பளம் தந்தது கடையில்லை, கடையிடம் ஒப்பந்தம் எடுத்தவரிடம் இன்னொரு ஒப்பந்தம் எடுத்த ஒருத்தர். கையில் காசாக, சட்டம் சொன்ன தொகையை விடக் குறைவாக. மாணவர் விசாவில் நிக்கிற பொடியன் ஆரிட்ட போய்ச் சொல்லுறது என்று அவனும் பேசாமல் இருந்தான். இது அவனுடைய தனிக்கதை இல்லை என்று பிறகுதான் அறிந்தோம். அவுஸ்திரேலியாவில் வேலைச் சட்டங்களைக் கண்காணிக்கிற ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம், நாட்டின் மிகப் பெரிய கடைச் சங்கிலிகளில் ஒன்றின் ட்ரொலி சேகரிப்பை ஆராய்ந்து 2016 இல் அறிக்கை வெளியிட்டது. போய்ப் பார்த்த இடங்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் ஏதோ ஒரு விதத்தில் சட்டத்தைப் பின்பற்றவில்லை. ஒப்பந்தத்துக்குக் கீழ் ஒப்பந்தம் என்று இறங்கிப் போகிற அந்த முறையையும் அறிக்கை குறை சொன்னது.

ட்ரொலி வீதியில் நிக்குது என்று கவுன்சிலுக்கு அறிவிக்கிற ஆக்கள் நிறையப் பேர். அதைத் தள்ளுகிற பொடியனுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகுதா என்று அறிவிக்க ஆக்கள் குறைவு.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட ஏலாது. வீடில்லாத ஆக்களுக்கு ட்ரொலிதான் அலுமாரி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஸ்கிட் ரோ பகுதியில், வீதியோரம் விட்டுவிட்டுக் குளிக்கவோ சாப்பிடவோ போன ஆக்களின் பொருட்களை நகர ஊழியர்கள் அள்ளிக்கொண்டு போய் அழித்தார்கள். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வீதியில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போனாலும் அது அவர்களுடைய சொத்துத்தான், நகரம் நினைத்தபடி பறித்து அழிக்க முடியாது என்று 2012 இல் தீர்ப்பு வந்தது. ட்ரொலியின் கம்பி கடைக்குச் சொந்தமாக இருக்கலாம். அதுக்குள் இருக்கிற மருந்துப் போத்தலும் போர்வையும் பிள்ளையின் படமும் இன்னொருத்தருக்குச் சொந்தம். துப்புரவு லொறிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஆனால் தெரிய வேணும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

அப்ப என்னதான் செய்யலாம்? எங்கட பிளட்ஸில் நடந்ததைச் சொல்லுறோம். கட்டடத்தைப் பராமரிக்கிறவர் முதலில் "ட்ரொலி கொண்டுவந்தால் பொலிஸ்" என்று லிப்டில் கடுதாசி ஒட்டினார். ஒன்றும் மாறவில்லை. பிறகு வாசலுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலி போற வழியை விட்டு, ஒரு மூலையில் மஞ்சள் கோடு போட்டார். ட்ரொலி என்றால் இதுக்குள் விடுங்கோ என்று எழுதி, கீழே அந்த இலவச இலக்கம். வழியை மறிக்கிறது நின்றது. லொறிக்காரருக்கும் ஒரே இடத்தில் ஏத்துற சுகம். பிறகு அன்ரியின் மகள் இரண்டு சில்லு வைத்த, மடிக்கிற துணிப்பை வண்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தா. அன்ரிக்கு அதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அரிசி வாங்குற நாளில் இன்னும் பெரிய ட்ரொலிதான்.

கடை நினைத்தால் இதைவிடக் கூடச் செய்யலாம். கிட்ட இருக்கிற வீடுகளுக்குக் குறைந்த காசில் சாமானைக் கொண்டுவந்து தரலாம். நகரம் நினைத்தால் பஸ்ஸைக் கடை வாசலடியில் நிப்பாட்டலாம். ட்ரொலிகளைத் திரும்பத் திரும்ப ஏத்திப் பறிக்கிற செலவில் ஒரு பங்கையாவது இதுக்கு விடலாம்.

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகப்போறவர்கள் எங்கட வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறீங்கள். உங்களில் சிலர் அந்த ட்ரொலிகளைத் தள்ளி நிப்பாட்டுற வேலையும் செய்வீங்கள். அப்பிடிச் செய்தால், சட்டப்படியான சம்பளம் எவ்வளவு என்று முதல் நாளே அறிந்து வைத்திருங்கோ. மாணவர் விசாவில் நிக்கிற ஆளும் ஃபெயார் வேர்க்கிடம் முறையிடலாம். எங்கட நண்பன் அதைப் பிந்தித்தான் அறிந்தான்.

வீதியில் தனிய நிக்கிற ஒன்றைக் கண்டால், படமெடுக்க முதல் பக்கத்தில் பஸ் தரிப்பிடம் இருக்குதா என்று பாருங்கோ. பிறகு அதைப் பிடித்து, கடை வரைக்கும் ஒருக்கா நடந்து பாருங்கோ. எவ்வளவு தூரம் என்று அப்ப தெரியும்.