இரண்டு குற்றிக் கனம்

மே மாதச் சனிக்கிழமை என்றால் அந்தப் பட்டறைக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. ஸ்காபரோவில் ஒரு தொழிற்பேட்டையின் பின்பக்கம், இரண்டு கதவு அகலமுள்ள இடம். பனி போய்ப் புல் தலைகாட்டியதும், புல் வெட்டும் தொழில் செய்பவர்கள் குளிர்காலம் முழுதும் மூலையில் கிடந்த டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலையைப் பார்த்து எழுதப் போன நானும் வெறுங்கையோடு போகவில்லை. என் டிரெய்லரிலும் ஒரு கோளாறு இருந்தது.

பிரேக் பிடித்தால் பின்னால் 'டொக்'. எடுத்தால் மறுபடி 'டொக்'. பழையதாக வாங்கியது, வானின் பின்னாலுள்ள பந்தைக் கவ்வும் கப்ளர் தேய்ந்திருக்கும் என்று நானே தீர்ப்பெழுதி, அதன் அடியில் இருந்த நட்டை இரண்டு சுற்று முறுக்கியும் விட்டிருந்தேன்.

"என்ன சைஸ் போல், தம்பி?" என்றார் பட்டறை அண்ணை.

"ரெண்டு இஞ்சி."

"ஆர் சொன்னது?"

பந்து வாங்கின பெட்டியில் இருந்தது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து, பந்தின் தலையிலிருந்த கிறீஸைப் பழந்துணியால் துடைத்தார். 1-7/8 என்று பொறித்திருந்தது. பெட்டியில் நான் பார்த்த இரண்டு அங்குலம், வாகனத்தின் அடியிலுள்ள சதுரக் குழாய்க்குள் செருகும் தண்டின் அளவு. குழாயும் இரண்டு அங்குலம், இங்கே அநேகமான டிரெய்லர்கள் கேட்கும் பந்தும் இரண்டு அங்குலம். ஒன்றை நினைத்து மற்றதை வாங்குவது என் ஒருவனின் கெட்டித்தனம் இல்லையாம்.

கப்ளரின் மேல்தகட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். துருவுக்குள்ளிருந்து 2 என்ற இலக்கம் வெளியே வந்தது. வேர்னியரை என் கையில் தந்து அளக்கச் சொன்னார். பந்து 47.6 மில்லிமீற்றர். இருக்கவேண்டியது 50.8. வித்தியாசம், 25 சதக் குற்றிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம்.

"பெரிய போலைச் சின்னக் கோப்பைக்குள்ளை போட ஏலாது. அது நல்லது, ஆபத்தில்லை. சின்னப் போல் பெரிய கோப்பைக்குள்ளை போகும், லொக்கும் விழும். உதுதான் ஆளைக் கொல்லுறது."

கப்ளரைப் பூட்டி, ஊசியையும் போட்டுவிட்டு, டிரெய்லரின் முன் ஜாக்கைச் சுற்றினார். சரியாகப் பிடித்திருந்தால் என் வானின் பின்பக்கம் கூடவே எழும்பவேண்டும். வான் ஒரு விரற்கடை எழும்பியது. பிறகு 'டொக்' என்று இறங்கிவிட்டது. பூட்டிய பூட்டு பூட்டியபடி இருக்க, கப்ளர் மட்டும் பந்தைவிட்டு மேலே நின்றது. அன்று காலை 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் வந்தவன் நான். கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை.

அண்ணை ஊரில் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் திருத்தியவர். அங்கே பின்னால் இழுபடும் பெட்டியை இழுவைச் சட்டத்தோடு கோர்ப்பது ஒரு இரும்புப் பின். துவாரம் தேய்ந்து எவ்வளவு ஆடினாலும், பின் இருக்கும்வரை பெட்டி எங்கும் போகாது. "அங்கை ஆட்டம் சத்தம் மட்டும்தான்" என்றார். இங்கே பந்தைப் பிடித்திருப்பது மேலே ஒரு கோப்பை, கீழே ஒரு சிறு தாடை. அவ்வளவே.

புதுப் பந்தின் தலையில் 2 அங்குலம், 3,500 இறாத்தல் என்று இருந்தது. கழற்றியது 2,000 இறாத்தல்தான் தாங்கும். பந்து, தண்டு, குழாய், கப்ளர் நான்கிலும் எதில் சின்ன இலக்கம் இருக்கிறதோ அதுதான் இழுக்கக்கூடிய எடை. உதவிக்கு நிற்கும் பையன் ஸ்பிரிங் வாஷரை மறக்காமல் போட்டு, முக்கால் அங்குலக் கழுத்துக்கு 160 அடி-இறாத்தல் என்று டோர்க் ரென்ச்சில் வைத்து முறுக்கினான். கைக்கணக்கில் இறுக்குகிறவர்களை அண்ணைக்குப் பிடிக்காது.

அதன்பிறகுதான் நான் முறுக்கிக் கெடுத்த நட்டுக்கு வந்தார். என் இரண்டு சுற்றையும் திருப்பித் தளர்த்தினார். பந்து உள்ளே இருக்க, கால் சுற்றாக இறுக்குவார், கப்ளரின் பூட்டு நெம்பைச் சாத்திப் பார்ப்பார், டிரெய்லரின் மூக்கை ஆட்டுவார். மூன்றாவது தடவை ஆட்டம் நின்றது. நெம்பு கைப்பலத்தில் சாத்தவேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். கோப்பை வெடித்தோ விரிந்தோ இருந்தால் இந்த நட்டு ஒன்றும் செய்யாது, கப்ளரையே மாற்றவேண்டியதுதான். பக்கத்தில் நின்ற புல்வெட்டுக்காரரின் டிரெய்லருக்கு அன்று அந்தத் தீர்ப்புத்தான் கிடைத்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டினார். பந்து கைவிட்டால் மூக்கு தெருவில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். இரண்டு தனித்தனிப் பிணைப்பு இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டமும்கூட.

மறுபடி ஜாக்கைச் சுற்றினார். வானின் பின்பக்கம் எழும்பி அப்படியே நின்றது.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அடுத்தமுறை பூட்டு விழுந்த சத்தத்தை நம்பி ஏறிவிடாதீர்கள். பந்தின் தலையைத் துடைத்து இலக்கத்தைப் படியுங்கள், ஜாக்கை நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.