இரவல் எண்

கிரிக்கெட்டில் 7 என்றால் தோனி. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த எண் அவரோடுதான் இருக்கிறது. அதைப் பார்த்தே பழகிய எனக்கு, ரக்பி யூனியனின் வழக்கம் முதலில் பிடிபடவில்லை. போகப்போக அதன்மேல் ஆசையே வந்துவிட்டது. அங்கே எண் ஆடுகிற இடத்துக்கு உரியது. இரு அணியினரும் முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்'மின் முன்வரிசை மூவருக்கு 1, 2, 3. பந்தை அங்கிருந்து எடுத்துக் கொடுப்பவருக்கு 9, ஆட்டத்தை நடத்துபவருக்கு 10, கடைசிக் காவலுக்கு 15. ஸ்க்ரம்மின் கடைசியில் நின்று தள்ளுபவருக்கு 'நம்பர் எயிட்' என்பதே பெயர். இன்று 10 அணிந்தவர் அடுத்த ஆட்டத்தில் கடைசிக் காவலுக்கு மாறினால் 15 அணிவார்.

16 முதல் 23 வரை மாற்று ஆட்டக்காரர்களுக்கு. மாற்று ஆள் என்பதே பின்னால் வந்த வழக்கம்தான்; 1968 வரை சர்வதேச ஆட்டங்களில் காயம்பட்டவருக்குப் பதில் ஆள் இறக்க அனுமதி கிடையாது. மிச்சம் 14 பேரோடு ஆட வேண்டியதுதான்.

இரத்தக் கறை பட்ட உடையோடு ஆடக் கூடாது என்பது விதி. இழுபறியில் சட்டை கிழிவதும் உண்டு. அதனால் அதே எண்ணிட்ட உபரிச் சட்டைகளைப் பெரிய அணிகள் கையோடு கொண்டு வருகின்றன. ஏதோ ஒரு சட்டை போதாது. ஏனென்றால் ஆட்டக்காரர்களின் குவியலுக்கு அடியில் தவறு செய்தவரை நடுவர் எண் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க். ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குத் தென்னாப்பிரிக்க அதிபர் மண்டேலா தம் நாட்டு அணியின் பச்சைச் சட்டையோடு வந்தார். கறுப்பின மக்கள் பலர் நிறவெறியின் அடையாளமாக வெறுத்த சட்டை அது. முதுகில் 6, அணித்தலைவர் பிரான்சுவா பியனாரின் எண். எண் இல்லாத சட்டையாக இருந்திருந்தால் மண்டேலா ஒரு ரசிகராக மட்டும் தெரிந்திருப்பார். அந்த 6 அவரை அணிக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தியது. நியூசிலாந்தை 15-12 என்று வென்ற தென்னாப்பிரிக்காவின் கோப்பையை இரண்டு 6-களும் எதிரெதிரே நின்று கைமாற்றிக்கொண்டன.

2019-இல் யோக்கஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று கோப்பையை உயர்த்தியவர் சியா கோலிசி, தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினத் தலைவர். அவர் முதுகிலும் 6 தான்.

பியனாருக்கு மரியாதை என்று 1995-லேயே அந்த எண்ணைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் அது கோலிசிக்குக் கிடைத்திருக்காது. எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் ரக்பியின் தேசிய அணிகளுக்குள் வரவே வேண்டாம்.